சாய்கோட்டின் கதை – 9: நளன் தொலைந்த வழி

திருநள்ளாற்றுத் தேரடியில் சனிக்கிழமை காலை கால் மணி நேரம் நின்றால் போதும், யாராவது வந்து வழி கேட்பார்கள்.

"அண்ணே, நளன் குளத்துக்கு எப்படிப் போறது?"

"நேராப் போயி சோத்தாங்கைப் பக்கம் திரும்புங்க."

கேட்டவர் எங்கே நிற்கிறாரோ அந்த இடத்துக்கு மட்டுமே இந்தப் பதில் பொருந்தும். இதையே காரைக்கால் பேருந்து நிலையத்தில் இறங்கியவரிடம் சொன்னால் அவர் வேறெங்கோ போய் நிற்பார்.

தபாலுக்கு இப்படி எழுத முடியாது. தெரு, திருநள்ளாறு, காரைக்கால், புதுச்சேரி என்று வேர்வரை போக வேண்டும். எங்கள் ஊருக்கு அந்த வேர் பக்கத்தில் இல்லை. வடக்கே மயிலாடுதுறை, மேற்கே திருவாரூர், தெற்கே நாகப்பட்டினம் என்று மூன்று பக்கமும் தமிழ்நாடு. கிழக்கே கடல். எங்களை ஆளும் புதுச்சேரியோ நூறு கிலோமீட்டருக்கும் அப்பால். வண்டி எண்ணில் அந்த வேர்தான் இருக்கிறது: பி.ஒய். 02. பின்கோடு வேறு கதை சொல்கிறது. காரைக்காலுக்கு 609602, மயிலாடுதுறைக்கு 609001, புதுச்சேரிக்கு 605001. அரசுக்கு நாங்கள் புதுச்சேரிப் பிள்ளைகள், அஞ்சல் துறைக்கு மயிலாடுதுறையின் அண்டை வீட்டார். ஒரே ஊர், இரண்டு வேர்.

கம்ப்யூட்டருக்குள் இருக்கும் ஒவ்வொரு ஃபைலுக்கும் இதே இரண்டு வகை முகவரி உண்டு. நிற்கும் இடத்திலிருந்து சொல்லும் வழி ஒன்று, வேரிலிருந்து சொல்லும் வழி மற்றொன்று. இரண்டு துண்டுகளைச் சேர்த்து ஒரே பாதையாக்கும் வேலை பார்வைக்கு மிகச் சிறியது. முப்பது வருடமாக அது புரோகிராமர்களைத் தடுக்கி விழ வைத்திருக்கிறது. இந்த வாரம் அந்தக் கதை.

இதுவரை

1960களில் மல்டிக்ஸ், ஃபோல்டருக்குள் ஃபோல்டர் என்ற மர அமைப்பைக் கொண்டுவந்தது. பெயர்களுக்கு நடுவே > குறியைப் போட்டது. பெல் ஆய்வுக்கூடத்தில் பிறந்த யூனிக்ஸ் அந்த இடத்தில் / வைத்தது. 1981இல் வந்த முதல் டாஸில் ஃபோல்டரே கிடையாது. அங்கே / வேறு வேலை பார்த்தது: கட்டளைக்குப் பின்னால் கூடுதல் உத்தரவு கொடுக்க அதைத்தான் தட்டினார்கள். 1983 மார்ச்சில் டாஸ் 2.0 ஃபோல்டர்களோடு வந்தபோது அந்த நாற்காலி காலியாக இல்லை. பழைய கட்டளைகளைக் கெடுக்க மனமில்லாமல் கோட்டை மறுபக்கம் சாய்த்தார்கள்: \.

சென்ற வாரம் அங்கே நிறுத்தினோம்.

அந்தக் கோட்டுக்கு ஏற்கெனவே ஒரு வேலை இருந்தது

டாஸ் எடுத்துக்கொண்ட பின்சாய்கோட்டை, அதற்குப் பத்தாண்டு முன்பே சி மொழி எடுத்துவிட்டிருந்தது. சி மொழியில் \ என்றால் "அடுத்து வரும் எழுத்தை எழுத்தாகப் படிக்காதே" என்று பொருள். பின்சாய்கோட்டுக்குப் பின் 'என்' வந்தால் புது வரி. 'டி' வந்தால் டேப் இடைவெளி. 'ஏ' வந்தால் மணியோசை. 1987இல் பெர்ல், 1991இல் பைத்தான், 1995இல் ரூபி என்று அடுத்தடுத்து வந்த ஸ்கிரிப்ட் மொழிகள் இந்த வழக்கத்தைச் சி மொழியிடமிருந்து சீதனமாகப் பெற்றன.

விண்டோஸ் கம்ப்யூட்டர் ஒன்றின் சி டிரைவில் கோவில் என்று ஒரு ஃபோல்டர், அதற்குள் திருநள்ளாறு, அதற்குள் நளன் என்று ஒரு ஃபைல். பெயர்கள் எல்லாம் ஆங்கிலச் சிற்றெழுத்தில். இந்தப் பாதையைப் பைத்தானில் மேற்கோள் குறிக்குள் பார்த்தது பார்த்தபடி எழுதி, அச்சிடச் சொல்கிறோம்.

கோவிலின் முதல் எழுத்து 'கே'. பின்சாய்கோட்டோடு 'கே' சேர்ந்தால் பைத்தானுக்குத் தனிப் பொருள் இல்லை. அதனால் கோவில் சேதமில்லாமல் வருகிறது. திருநள்ளாற்றின் முதல் எழுத்து 'டி'. கோடும் 'டி'யும் சேர்ந்து டேப்பாகிவிடுகின்றன. தலையெழுத்தை இழந்த ஊர், பெரிய இடைவெளிக்கு அப்பால் "ஹிருநள்ளார்" என்று நிற்கிறது. நளனின் முதல் எழுத்து 'என்'. அங்கே வரி முறிகிறது. நளன் அடுத்த வரியில் "அலன்" ஆகிறான்.

சனி பிடித்து நாடிழந்து உருமாறி அலைந்த நளன், எங்கள் ஊரில்தான் சனி நீங்கப் பெற்றான் என்பது தலபுராணம். கம்ப்யூட்டரில் இதே ஊர் வழியாகப் போகும்போதே அவன் உருவிழந்துவிடுகிறான்.

காரைக்கால் மாவட்டத்தில் ஒரு நகராட்சியும் ஐந்து கொம்யூன் பஞ்சாயத்துகளும் உண்டு. கோட்டுச்சேரி, நெடுங்காடு, நிரவி, திருமலைராயன்பட்டினம், திருநள்ளாறு. ஆங்கிலச் சிற்றெழுத்தில் எழுதிப் பின்சாய்கோடு போட்டால் இந்த ஐந்தில் கோட்டுச்சேரி மட்டும் பிழைக்கும். நெடுங்காடும் நிரவியும் வரி முறியும். மற்ற இரண்டும் டேப்பில் கரையும். எங்களுக்கு மேற்கே இருக்கும் அம்பகரத்தூரை எழுதினால் மணி அடிக்கும்.

இந்தப் பிழையின் ஆபத்து இங்கேதான் இருக்கிறது. எல்லாப் பெயரும் உடைந்திருந்தால் எழுதியவர் முதல் நாளே கண்டுபிடித்திருப்பார். காரைக்கால், கோட்டுச்சேரி என்று சோதித்துப் பார்த்தவருக்கு எல்லாம் சரியாக இருக்கும். ஆறு மாதம் கழித்து யாரோ நிரவி என்று ஒரு ஃபோல்டரைத் திறப்பார்கள்.

கோட்டை இரட்டித்து எழுதுவது, மேற்கோள் குறிக்கு முன்னால் 'ஆர்' போட்டு "உள்ளபடியே படி" என்று சொல்வது என்று மருந்துகள் உண்டு. மறந்துபோகிற மருந்துகள் அவை. பெயர்களை ஒட்டும் வேலையை மனிதர் கையிலிருந்து மொழி வாங்கிக்கொண்டாக வேண்டும் என்ற எண்ணம் இங்கிருந்துதான் வலுப்பெற்றது.

நிலைமொழியும் வருமொழியும்

என் வீட்டில் பழைய பத்திரங்கள் சில உண்டு. கொஞ்சம் பிரெஞ்சில், கொஞ்சம் தமிழில். 1954 நவம்பர் 1இல் காரைக்கால் கைமாறுவதற்கு முந்தையவையும் அவற்றில் இருக்கின்றன. அவற்றை ஸ்கேன் செய்து, வருடவாரியாக ஃபோல்டர்களில் அடுக்க ஒரு சின்ன ஸ்கிரிப்ட் எழுதினேன். ஃபோல்டர் பெயரையும் ஃபைல் பெயரையும் கூட்டல் குறியால் ஒட்டினேன். நடுவில் சாய்கோடு போட மறந்தேன்.

ஸ்கிரிப்ட் ஒரு பிழையும் சொல்லவில்லை. ஃபோல்டர் காலியாக இருந்தது. அதற்கு வெளியே, அதன் பக்கத்தில், ஊர்ப் பெயரும் வருடமும் ஒன்றோடொன்று ஒட்டிய பெயர்களோடு அத்தனை ஃபைல்களும் வரிசையாக உட்கார்ந்திருந்தன. அவை தொலையவில்லை. ஆனால் தேடும் இடத்தில் இல்லை.

அன்று எனக்குப் பள்ளியில் படித்த புணர்ச்சி ஞாபகம் வந்தது. தமிழில் இரண்டு சொற்களை அருகருகே வைத்தால் மட்டும் சேர்ந்துவிடாது. முதலில் நிற்பது நிலைமொழி, வந்து சேர்வது வருமொழி. முன்னதன் கடைசி எழுத்தையும் பின்னதன் முதல் எழுத்தையும் பார்த்த பிறகே நடுவில் என்ன நடக்கும் என்று சொல்ல முடியும். சில இடங்களில் ஒன்றும் நடக்காது, அது இயல்பு. மற்ற இடங்களுக்கு நன்னூல் மூன்று விகாரங்கள் சொல்கிறது: தோன்றல், திரிதல், கெடுதல். வாழை, பழம் சேர்ந்தால் ஒரு 'ப்' தோன்றுகிறது. பொன், குடம் சேர்ந்தால் 'ன்' என்பது 'ற்' ஆகத் திரிகிறது. மரம், வேர் சேர்ந்தால் 'ம்' கெடுகிறது.

ஃபைல் பாதையைச் சேர்ப்பது அச்சாக இதுதான். முதல் துண்டின் கடைசியில் கோடு இல்லையென்றால் ஒரு கோடு தோன்ற வேண்டும். ஏற்கெனவே இருந்தால் இயல்பாக விட வேண்டும். இரண்டு கோடுகள் மோதினால் ஒன்று கெட வேண்டும். விண்டோஸில் / வந்தால் அது \ ஆகத் திரிய வேண்டும். கூட்டல் குறிக்கு இந்த இலக்கணம் எதுவும் தெரியாது. ஒட்டுவது வேறு, புணர்வது வேறு.

மூன்றாவது உலகம்

யூனிக்ஸ், விண்டோஸ் என்று இரண்டு உலகம் மட்டும் இருந்திருந்தால் "கோடு எந்தப் பக்கம் சாய்கிறது" என்ற ஒரே கேள்வியோடு முடிந்திருக்கும். மூன்றாவதாக ஒன்று இருந்தது: ஆப்பிளின் பழைய மேக்கின்டாஷ்.

அங்கே பிரிக்கும் குறி முக்காற்புள்ளி, அதாவது கோலன். குறி மட்டும் மாறியிருந்தால் கவலையில்லை. பொருளே தலைகீழ். யூனிக்ஸில் பாதை / குறியோடு தொடங்கினால் அது வேரிலிருந்து வரும் முழு முகவரி. மேக்கில் கோலனோடு தொடங்கினால் அது நிற்கும் இடத்திலிருந்து சொல்லும் வழி. கோலன் இல்லாமல் டிஸ்க் பெயரோடு தொடங்குவதே முழு முகவரி. யூனிக்ஸில் இரண்டு கோடு அடுத்தடுத்து வந்தால் ஒன்று வீண், அவ்வளவே. மேக்கில் இரண்டு கோலன் வந்தால் "ஒரு படி மேலே ஏறு" என்று பொருள். கவனக்குறைவாக ஒரு குறி கூடிவிட்டால் ஃபைல் பக்கத்து வீட்டுக்குப் போய்விடும்.

1996இல் டிசிஎல் மொழியின் 7.5 பதிப்பு மூன்று உலகத்திலும் ஓடும்படி வந்தது. ஜான் ஆஸ்டர்ஹவுட் உருவாக்கிய மொழி அது. அந்தப் பதிப்பில் பாதைகளைச் சேர்ப்பதற்கென்றே "ஃபைல் ஜாயின்" என்ற கட்டளை சேர்ந்தது. பெர்ல் 1990களின் பிற்பகுதியில் "ஃபைல் ஸ்பெக்" என்ற தொகுப்பைத் தன்னோடு தரத் தொடங்கியது.

பைத்தானின் ஏற்பாடு எனக்கு மிகவும் பிடித்தது. வெளியே ஒரே கதவு: "ஓ.எஸ். பாத்". கதவுக்குப் பின்னால் மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள். ஒருவருக்கு யூனிக்ஸ் இலக்கணம் தெரியும், ஒருவருக்கு விண்டோஸ், ஒருவருக்கு மேக். ஸ்கிரிப்ட் எந்தக் கம்ப்யூட்டரில் ஓடுகிறதோ அந்த ஊர்க்காரர் எழுந்து வந்து "ஜாயின்" வேலையைச் செய்வார். எழுதுகிறவர் எந்தக் கோடு என்று நினைக்கவே வேண்டாம். பழைய மேக் மறைந்து பல ஆண்டுகள் கழித்து, 2019இல் வந்த பைத்தான் 3.8இல் அந்த மூன்றாமவர் விடைபெற்றார்.

வருமொழி வேரோடு வந்தால்

இப்போது இந்த அத்தியாயத்தின் நடு முடிச்சு.

நிலைமொழியாக "புதுச்சேரி/காரைக்கால்" இருக்கிறது. வருமொழியாக "திருநள்ளாறு" வந்தால் சிக்கலில்லை. வருமொழியே சாய்கோட்டோடு தொடங்கினால்? "/திருநள்ளாறு" என்று வந்தால்?

அந்த ஒரு கோட்டை இரண்டு விதமாகப் படிக்கலாம். "எழுதியவர் கை தவறி ஒரு கோடு கூடுதலாகப் போட்டுவிட்டார், அதைக் கெடுத்துவிட்டுச் சேர்" என்பது ஒரு வாசிப்பு. "வந்திருப்பது வேரிலிருந்து தொடங்கும் முழு முகவரி, முன்னால் இருந்ததற்கு இனி வேலையில்லை" என்பது மற்றது.

டிசிஎல் இரண்டாவது வாசிப்பை எடுத்தது. பைத்தானும் அதையே எடுத்தது. வருமொழி வேரோடு வந்தால் நிலைமொழி முழுவதும் மறைந்துவிடும். புதுச்சேரியும் காரைக்காலும் இல்லாமல் போய் "/திருநள்ளாறு" மட்டும் மிஞ்சும். ரூபியின் ஜாயினும், பின்னாளில் வந்த நோட் ஜேஎஸ்ஸின் ஜாயினும் முதல் வாசிப்பை எடுத்தன. அங்கே நிலைமொழி நிற்கும், கூடுதல் கோடு கெடும்.

ஒரே பெயர், ஜாயின். இரண்டு எதிரெதிர் நடத்தை. ஒரு மொழியில் பழகிய கை மற்றொரு மொழிக்குப் போகும்போது இந்த வேறுபாடு எந்த எச்சரிக்கையும் தராது.

பைத்தானின் முடிவில் நியாயம் உண்டு. ஒருவர் பயணிக்கு வழி சொல்லிக்கொண்டிருக்கும்போது, பயணி முழுத் தபால் முகவரியைச் சட்டைப் பையிலிருந்து எடுத்து நீட்டினால், "நேராப் போயி" என்பதை அதன் முன்னால் ஒட்டிப் படிக்க மாட்டோம். முகவரி சொல்லும் இடத்துக்கே அனுப்புவோம். கட்டளை வரியில் பயனாளர் முழுப் பாதையைக் கொடுத்தால் அதை மதிக்க வேண்டும் என்பதே இந்த விதியின் அடிப்படை.

ஆனால் அந்த முகவரியை நீட்டுகிறவர் யார்? விதியை வகுத்தவர்கள் நம்பிக்கையான பயனாளரை மனதில் வைத்து வகுத்தார்கள். வருமொழி முன்பின் தெரியாத ஒருவரிடமிருந்து வந்தால், நிலைமொழியை அழிக்கும் அதிகாரமும் அவர் கைக்குப் போய்விடுகிறது.

பதினைந்து வருடம்

பல ஃபைல்களை ஒரே மூட்டையாகக் கட்டுவதற்கு யூனிக்ஸ் உலகில் "டார்" என்ற முறை உண்டு. மூட்டைக்குள் ஒவ்வொரு ஃபைலின் பெயரும் பாதையும் எழுதப்பட்டிருக்கும். பைத்தானில் மூட்டையைப் பிரிக்கும் "டார்ஃபைல்" தொகுப்பு, "இந்த ஃபோல்டருக்குள் பிரி" என்று நாம் சொல்லும் இடத்தையும் மூட்டைக்குள் எழுதியிருக்கும் பெயரையும் ஜாயின் செய்து, கிடைக்கும் பாதையில் ஃபைலை வைத்தது.

மூட்டை கட்டியவர் பெயரின் தொடக்கத்தில் ஒரு சாய்கோடு வைத்திருந்தால் நாம் சொன்ன ஃபோல்டர் காணாமல் போகும். "மேலே ஏறு" என்பதற்கான இரட்டைப் புள்ளியைத் திரும்பத் திரும்ப வைத்திருந்தால் ஃபைல் படிப்படியாக வெளியே ஏறிப்போய் வேறொரு ஃபைலின் மேல் உட்காரும். கடவுச்சொற்கள் இருக்கும் இடமாகவும் அது இருக்கலாம்.

2007இலேயே இது கண்டறியப்பட்டது. பாதுகாப்புக் குறைபாடுகளின் பட்டியலில் 2007-4559 என்ற எண்ணும் விழுந்தது. அன்றைக்கு எடுத்த முடிவு, ஆவணத்தில் ஒரு எச்சரிக்கை எழுதுவதோடு நின்றது: நம்பாதவர் கட்டிய மூட்டையைப் பார்க்காமல் பிரிக்காதீர்கள். ஜாயின் தனக்கு விதித்தபடிதான் நடந்தது, டார் முறையும் தன் இலக்கணப்படிதான் இருந்தது. எந்த ஒரு வரியையும் தனியாகச் சுட்டி இதுதான் பிழை என்று சொல்ல முடியாத நிலை.

எச்சரிக்கையைப் படிக்காதவர்கள் எத்தனை பேர்? 2022 செப்டம்பரில் டிரெல்லிக்ஸ் என்ற பாதுகாப்பு நிறுவனத்தின் ஆய்வாளர்கள் வேறொரு குறையைத் தேடும்போது இதில் மறுபடி இடறினார்கள். 3,50,000க்கும் மேற்பட்ட திறமூலத் திட்டங்களில் இந்த ஓட்டை இருக்கலாம் என்று மதிப்பிட்டார்கள். அதற்குப் பிறகுதான் மொழியே அசைந்தது. 2023இல் வந்த பைத்தான் 3.12 மூட்டையைப் பிரிக்கும்போது வடிகட்டும் வசதியைத் தந்தது. 2025இல் வந்த 3.14, யாரும் கேட்காமலேயே அந்த வடிகட்டியைப் போட்டது.

2007இல் எழுதிய எச்சரிக்கை ஒரு நல்ல முடிவு என்று என்னால் ஏற்க முடியவில்லை. எங்கள் ஊரில் சனிப் பெயர்ச்சிக்குக் குளத்தில் கூட்டம் அலைமோதும் நாளில், ஆழமான இடத்தில் தடுப்புக் கட்டாமல் பலகையில் மட்டும் எழுதி வைத்தால் யாரும் மன்னிக்க மாட்டார்கள்.

2012 அக்டோபர்: நான்கு குறிகள்

இன்னொரு திருப்பம் இதற்கு நடுவிலேயே நடந்தது.

பாதை என்பது வெறும் எழுத்துச் சரமாக இருக்கும்வரை யாரோ ஒருவர் கூட்டல் குறியால் ஒட்டிக்கொண்டே இருப்பார். பாதைக்கென்று தனிப் பொருள் வகை வேண்டும், தன் இலக்கணத்தை அதுவே அறிந்திருக்க வேண்டும் என்ற குரல் பைத்தான் உலகில் பழையது. 2006இல் எழுதப்பட்ட ஒரு முன்மொழிவு பாதையை எழுத்துச் சரத்தின் பிள்ளையாகவே வைத்தது. அது நிராகரிக்கப்பட்டது.

2012இல் ஆன்டுவான் பித்ரூ என்ற பிரெஞ்சுக்காரர் 428ஆம் எண் முன்மொழிவை எழுதினார். இதில் பாதைக்கும் சரத்துக்கும் இரத்த உறவு இல்லை. எல்லோரும் விவாதிக்க வேண்டியதாக இருந்தது ஒன்றே: இரண்டு பாதைகளைச் சேர்க்க எந்தக் குறி?

அக்டோபரில் நான்கு வழிகளை வைத்து அவர் கருத்துக் கேட்டார். சதுர அடைப்புக்குறி, கூட்டல் குறி, வகுத்தல் குறி, ஜாயின் என்ற சொல்.

கூட்டல் குறிக்கு எதிராக வலுவான காரணம் இருந்தது. "திருநள்ளாறு" என்ற பாதையோடு ".டிஎக்ஸ்டி" என்பதைக் கூட்டினால் என்ன எதிர்பார்ப்போம்? பெயரின் வால் நீள வேண்டும் என்றுதான். ஃபோல்டருக்குள் ஒரு ஃபைலாகப் போய் உட்காரும் என்று யாரும் எதிர்பார்க்க மாட்டார்கள். ஜாயின் என்ற சொல்லுக்கு வேறொரு இடைஞ்சல். பைத்தானில் சரங்களுக்கு ஏற்கெனவே அதே பெயரில் வேறு வேலை செய்யும் ஒன்று இருந்தது. அடைப்புக்குறி பட்டியலிலிருந்து எதையோ எடுப்பதுபோலத் தோன்றியது.

வகுத்தல் குறி வென்றது.

கீபோர்டில் வகுத்தல் குறியாக நாம் தட்டுவது /. கென் தாம்சனும் டென்னிஸ் ரிச்சியும் யூனிக்ஸில் பாதைக்கு வைத்த அதே சாய்கோடு, நாற்பது வருடம் கழித்துப் பாதைகளைப் புணர்த்தும் குறியாகவே திரும்பி வந்தது. இந்த முறை அது மேற்கோள் குறிக்குள் கிடக்கும் ஓர் எழுத்தாக வரவில்லை. விண்டோஸில் ஓடினாலும் ஸ்கிரிப்டில் / என்றே எழுதலாம். வெளியே போகும்போது மொழி அதை \ ஆகத் திரித்துக்கொள்ளும். 1983இல் பிரிந்த இரண்டு கோடுகளும் ஒரே வரியில் சமாதானமாகும் இடம் இது. படிக்கும்போதெல்லாம் எனக்கு மனம் நிறைகிறது.

"பாத்லிப்" என்ற பெயரில் இது 2014 மார்ச்சில் பைத்தான் 3.4ஓடு வந்தது. வந்ததும் ஒரு தனிமையை அனுபவித்தது. ஃபைலைத் திறக்கும் பழைய கட்டளைக்கு இந்தப் புதிய பாதையை அடையாளம் தெரியவில்லை. மறுபடி சரமாக மாற்றிக் கொடுத்தால்தான் திறந்தது. 2016 டிசம்பரில் வந்த 3.6 அந்தக் கதவைத் திறந்துவிட்டது.

வேரோடு வரும் வருமொழி நிலைமொழியை விழுங்கும் பழைய விதியை மட்டும் பாத்லிப் மாற்றவில்லை. அது இன்றும் அப்படியே இருக்கிறது.

பெயர் தமிழில் இருந்தால்

இதுவரை எல்லாப் பெயரையும் ஆங்கில எழுத்தில் வைத்தே பேசினேன். தமிழில் பெயர் வைத்தால் நளன் தப்பிப்பானா?

இந்த ஆபத்தை முன்கூட்டியே அனுபவித்தவர்கள் ஜப்பானியர்கள். அவர்களுடைய ஷிஃப்ட் ஜேஐஎஸ் குறிமுறையில் பல எழுத்துகளுக்கு இரண்டு பைட் தேவை. சில எழுத்துகளின் இரண்டாவது பைட் 92. பின்சாய்கோட்டின் எண்ணும் 92. பட்டியல் என்று பொருள்படும் 表 என்ற எழுத்து ஃபைல் பெயரில் வந்தால், கவனமில்லாத ஸ்கிரிப்ட் அந்த எழுத்தை நடுவே வெட்டி அங்கே ஒரு ஃபோல்டர் இருப்பதாக எண்ணிக்கொள்ளும்.

தமிழுக்கு அந்தக் கதி நேராமல் காத்தது ஓர் இரவு உணவு. 1992 செப்டம்பர் 2 அன்று நியூ ஜெர்சி உணவகம் ஒன்றில், தட்டுக்கு அடியில் விரிக்கும் தாளில், கென் தாம்சன் புதிய குறிமுறை ஒன்றை வரைந்தார். ராப் பைக் உடனிருந்தார். உலக எழுத்துகள் எல்லாவற்றுக்கும் இடம் தரும்போது, சாய்கோட்டின் எண்ணான 47 வேறெந்த எழுத்தின் வயிற்றுக்குள்ளும் வந்துவிடக் கூடாது என்பது அதற்கு முன்பிருந்த நிபந்தனை. அன்று பிறந்ததுதான் யூடிஎஃப்-8. யூனிக்ஸில் பாதைக்குச் சாய்கோடு வைத்தவரே, அந்தக் கோடு பிற மொழிகளின் எழுத்தைக் கிழிக்காமல் பார்த்துக்கொண்டார்.

இதில் தமிழின் ஒவ்வொரு குறிக்கும் மூன்று பைட். 'த' என்ற எழுத்துக்கு 224, 174, 164. எந்தத் தமிழ்க் குறியின் பைட்டும் 128க்குக் கீழே இறங்காது. 47ம் வராது, 92ம் வராது. திருநள்ளாறு என்று எழுதினால் 11 குறிகள், 33 பைட். பின்சாய்கோட்டுக்குப் பிறகு தமிழ் 'தி' வந்தால் பைத்தானுக்கு அதில் டேப் எதுவும் தெரியாது. நளன் முழு உருவத்தோடு வந்து சேர்கிறான்.

சேர்க்கும் இலக்கணம் மொழியிடம் இருக்கிறது, எழுத்தும் பத்திரமாக இருக்கிறது. அப்படித்தான் நானும் நினைத்திருந்தேன்.

பத்திரங்கள் இருந்த ஃபோல்டருக்குள் "திருநள்ளாறு" என்று ஒன்று, அதற்குள் "கோயில்" என்று ஒன்று வைத்திருந்தேன். விண்டோஸில் உருவாக்கியவை. நண்பர் ஒருவரின் பழைய மேக் கம்ப்யூட்டருக்கு நகலெடுத்து, அங்கிருந்து லினக்ஸுக்குக் கொண்டுவந்தேன். பாத்லிப்பில் வகுத்தல் குறி போட்டு முறையாகச் சேர்த்தேன். திருநள்ளாறு திறந்தது. கோயிலை மட்டும் "இல்லை" என்றது.

திரையில் அந்த ஃபோல்டர் கண்முன் இருந்தது. பெயர் அதேதான். எழுத்துக்கு எழுத்து ஒப்பிட்டுப் பார்த்தேன், ஒரு வேறுபாடும் தெரியவில்லை. கடைசியில் பைட்டுகளை எண்ணினேன். ஸ்கிரிப்ட் தேடிய கோயிலுக்கு 18 பைட். லினக்ஸில் இருந்த கோயிலுக்கு 21.

'கோ'வும் 'இல்'லும் புணர்ந்து உண்டான சொல் கோயில். கோவில் என்றும் எழுதுகிறோம், இரண்டும் வழக்கில் உண்டு. ஆனால் இங்கே மாறியது 'யி'யோ 'வி'யோ இல்லை. திருநள்ளாற்றைத் தொடாமல் கோயிலுக்குள் மட்டும் புகுந்த அந்த 3 பைட் எந்த எழுத்தில் ஒளிந்திருந்தது? அதை அங்கே வைத்தது யார்?

(அடுத்த வாரம்)